கேள்வியோடு போங்கள்

அன்புத் தம்பிக்கு,

பெரம்பலூர் பக்கம் புவியியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். வானிலையும் பாறையும் நடத்தப் பள்ளியில் ஒரு கருவிகூட இல்லை என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். கருவி பிறகு வரட்டும். ஊரில் யாரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

வட்டாட்சியர் அலுவலகத்து மழைமானியிலிருந்து தொடங்கலாம். காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழையைத்தான் ஒரு நாள் மழையாகக் கணக்கு வைக்கிறார்கள். முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தினமும் அளப்பவரையே அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு பள்ளி மைதானத்தில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு டப்பாவை வைத்து, அதே நேரத்தில் ஸ்கேலால் அளக்கட்டும். இரண்டு அளவும் ஒத்துப்போகாத நாளில் பதற வேண்டாம். இடிமழை சில கிலோமீட்டருக்குள்ளேயே கூடும், குறையும். அதைச் சொல்லிக்கொடுக்க அந்த நாளைவிட நல்ல நாள் கிடைக்காது.

பெய்தது உழவு மழையா, வெறும் தூறலா என்று வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வரட்டும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க எழுதினால், உங்கள் கரிசலில் உழவு மழை என்பது எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பாறைப் பாடத்துக்குப் போர் போடும் லாரிக்காரரைப் பிடியுங்கள். ராடு இறங்க இறங்க மேலே வரும் தூளின் நிறம் மாறும். ஒவ்வொரு ராடுக்கும் ஒரு பிடி எடுத்து, ஆழம் எழுதி, கண்ணாடிப் பாட்டில்களில் வரிசையாக அடுக்கினால் ஊரின் அடிநிலம் வகுப்பறைக்கு வந்துவிடும். அதன் பிறகு சாத்தனூருக்குப் போங்கள். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம், 18 மீட்டர் நீளத்தில் அங்கே கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் புதைந்த மரம்தான் கல்லாகியிருக்கிறது. எதையும் பெயர்த்து எடுக்க விடாதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தால் போதும்.

யாரிடம் போனாலும், "வந்து பேசுங்கள்" என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் எழுதிய ஒரு கேள்வியோடு போங்கள். பேசச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள், தங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் விளக்குவார்கள். கிடைத்த விடையை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதும் நம் கடமை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடியும். ஜனவரி 26 கிராம சபையில் பிள்ளைகள் அந்த மழைக் கணக்கை வாசிக்க, தலைவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த ஆசிரியர்