மென்பொருள் ஆவணத்தில் எந்தக் குறியை முதலில் சரிபார்ப்பது?

மென்பொருள் ஆவணத்தைச் சரிபார்க்க உட்காருபவர் முதல் வரியிலிருந்தே காற்புள்ளி தேடத் தொடங்கக் கூடாது. பயனர் நகலெடுத்து டெர்மினலில் ஒட்டப்போவது எது, வெறுமனே படிக்கப்போவது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பகுதியில் ஒரு குறி பிசகினாலும் கட்டளை ஓடாது. உங்கள் நேரத்தில் பெரும்பங்கை அதற்கே கொடுங்கள்.

அங்கே முதலில் மேற்கோள் குறிகள். சொற்செயலிகள் நேரான " குறியைத் தாமாகவே வளைந்த “ ” குறிகளாக மாற்றிவிடும். அச்சில் வளைந்ததுதான் அழகு. ஆனால் லினக்ஸில் பாஷ் ஷெல் அதை மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. நடுவில் இடைவெளி உள்ள கோப்புப் பெயர் இரண்டாக உடைந்துபோகும். அடுத்து சிறுகோடு. -- என்று தட்டிய இரண்டு கோடுகள் ஒட்டி ஒரே நீள்கோடாகிவிட்டால் அந்த ஆப்ஷனைக் கட்டளை அடையாளம் காணாது. இவையெல்லாம் கண்ணுக்கு எளிதில் அகப்படாதவை. ஆகவே ஒவ்வொரு கட்டளையையும் வெளியாகப்போகும் பக்கத்திலிருந்தே நகலெடுத்து, சோதனைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

கட்டளை வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முற்றுப்புள்ளியும் சேர்ந்து நகலாகிவிடக்கூடும். கட்டளையைத் தனி வரிக்கு இறக்கிவிடுங்கள். ஆங்கில ஆவணமானால் இன்னும் இரண்டு. அமெரிக்க வழக்கில் புள்ளியும் காற்புள்ளியும் மேற்கோளுக்குள் போகும். உள்ளே இருப்பது கடவுச்சொல்லோ கோப்புப் பெயரோ என்றால் தயங்காமல் அந்த வழக்கை மீறுங்கள். வாக்கியத் தொடக்கம் என்பதற்காகக் கட்டளையின் முதல் எழுத்தைப் பெரிதாக்கவும் கூடாது, லினக்ஸில் அது வேறு பெயர். வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள்.

இனி படிக்கும் பகுதி. நிபந்தனை செயலுக்கு முன்னால் வர வேண்டும். "நீக்கு பொத்தானை அழுத்துங்கள், பேக்கப் எடுத்திருந்தால்" என்று எழுதினால் வாசகர் பாதி வாக்கியத்திலேயே அழுத்தியிருப்பார். அடுத்து தேதி. 03/04/2025 இந்தியருக்கு ஏப்ரல், அமெரிக்கருக்கு மார்ச். ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 2025-04-03 என்றால் குழப்பமில்லை. கட்டாயம், பரிந்துரை, அனுமதி மூன்றையும் பிரித்துச் சொல்ல இணைய நெறிமுறைகளுக்காக 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் வெளியானது. உங்கள் ஆவணத்தில் "வேண்டும்", "நல்லது", "செய்யலாம்" கலந்து கிடந்தால் எழுதியவரிடமே கேளுங்கள், ஊகித்துத் திருத்தாதீர்கள்.

ஆங்கிலப் பட்டியலில் கடைசிச் சொல்லுக்கு முன் காற்புள்ளி வேண்டுமா என்ற சண்டையில் இறங்க வேண்டாம். கூகுள், மைக்ரோசாஃப்ட் நடைக் கையேடுகள் இரண்டுமே போடச் சொல்கின்றன.

கருத்து எழுதும்போது ஒவ்வொன்றின் முன்னும் "பிழை" அல்லது "என் விருப்பம்" என்று குறித்துவிடுங்கள். விருப்பத்தை ஏற்காமல் விட எழுதியவருக்கு உரிமை உண்டு. குறித் திருத்தங்களையும் பொருள் மாற்றங்களையும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். பின்னாளில் வரலாற்றைப் புரட்டுபவருக்கு எது ஏன் மாறியது என்று தெரியாமல் போகும்.