ஆற்று நீரும் உவரும்: கொலறாடோ ஆறு தரும் பாடம்

ஆற்று நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் அதில் உப்புக் கரைந்தே இருக்கும். பயிர் நீரை உறிஞ்சுகின்றது; வெயில் நீரை ஆவியாக்குகின்றது; உப்போ பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றது. பத்து இலட்சம் பங்கு நீரில் 800 பங்கு உப்பு இருப்பின், அந்நீரை ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்குப் பாய்ச்சும்போது ஏறக்குறைய 1,000 கிலோகிராம் உப்பு நிலத்தை அடையும். அதனைக் கழுவி அகற்ற வடிகால் வேண்டும். ஆயின் வடிந்த நீர் எங்கே செல்கின்றது என்பதையும் கவனித்தல் வேண்டும்.

நேர்ந்த கேடு

கொலறாடோ ஆறு ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தியாகி மெக்சிக்கோவுட் செல்கின்றது. 1944ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி மெக்சிக்கோவுக்கு ஆண்டுதோறும் 15 இலட்சம் ஏக்கர் அடி நீர் உரியது. நீரின் அளவு குறிக்கப்பட்டது. உப்பின் அளவு குறிக்கப்படவில்லை.

அரிசோனாவின் வெல்ற்றன்-மோகாக் பகுதியில் 1952 முதல் இவ்வாற்று நீர் பாய்ச்சப்பட்டது. போதிய வடிகால் இன்மையால் நிலத்தடி உவர்நீர் உயர்ந்து வேர்களை நெருங்கியது. 1961இல் அதனைக் கிணறுகளால் இறைத்து ஆற்றில் விட்டனர். மேலுள்ள நிலம் தப்பியது. கீழே மெக்சிக்காலிப் பள்ளத்தாக்கின் பருத்தியும் கோதுமையும் வாடின. அங்கு சென்ற நீரின் உப்பு 800 பங்கிலிருந்து ஏறக்குறைய 1,500 பங்காக உயர்ந்தது. மெக்சிக்கோ அவ்வாண்டே முறையிட்டது.

கண்ட பரிகாரம்

1973இல் இரு நாடுகளும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. மொறெலோஸ் அணைக்கு மேலே மெக்சிக்கோ பெறும் நீரின் உப்பு, இம்பீரியல் அணையில் உள்ளதிலும் சராசரி 115 பங்குக்கு மேற் கூடலாகாது என வரையறுக்கப்பட்டது. இதில் 30 பங்கு கூடக்குறைய இடமுண்டு. வடிநீர் தனி வாய்க்காலால் சாந்த கிளாறாச் சதுப்பு நிலத்துக்குத் திருப்பப்பட்டது. யூமாவில் 1992இல் முடிவுற்ற உப்பகற்றும் நிலையம் மிகக் குறுகிய காலங்களிலேயே இயங்கியுள்ளது. வெல்ற்றன்-மோகாக் வயல்களை மட்டப்படுத்தியமையும், வாய்க்கால்களுக்குச் சீமெந்து இட்டமையும், பாய்ச்சும் பரப்பை 75,000 ஏக்கரிலிருந்து 65,000 ஏக்கராகக் குறைத்தமையும் வடிநீரையே குறைத்தன.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. வயலைச் சீராக மட்டப்படுத்துக. மிகையாகப் பாய்ச்சிய நீர் நிலத்தடி நீரை உயர்த்தி உவரை மேலே கொணரும்.

2. வாய்க்காற் கசிவை அடைத்து, வடிகால்களிற் புல்லும் சேறும் சேராது துப்புரவாக்குக.

3. உவர் நிலத்தில் மழைநீரை வரம்பு கட்டித் தேக்கிப் பின்னர் வடியவிடுக. வடிய வழியில்லாத நிலத்தில் தேக்குவதாற் பயனில்லை.

4. நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரைத் தாங்காது. அக்காலங்களில் நல்ல நீரையே பாய்ச்சுக. போஞ்சி, கரட், வெங்காயம் என்பன உவரால் எளிதிற் கெடும். பீற்றூட் ஓரளவு தாங்கும்.

5. உவர்நீரைப் பிறர் பாய்ச்சும் வாய்க்காலில் விடலாகாது. வடிகால் வெட்டுமுன் கீழ்வயற்காரருடன் கலந்து வழியைத் தீர்மானிக்க. வெட்டியபின் எழும் பிணக்கைத் தீர்ப்பது கடினம். கொலறாடோவில் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.