இல்ல ஒலிப்பதிவில் வாத்தியங்களின் ஒலியளவு

பாடலொன்றைப் பதிவுசெய்தற்குப் பாடகரும் பக்கவாத்தியகாரரும் ஒலிப்பதிவுக் கூடத்திற் கூடவேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது. இன்று மாணவனொருவன் தன் மேசைமீதுள்ள கணினியைக் கொண்டே அதனைச் செய்து முடிக்கின்றான். தம்பூரா, வயலின், மிருதங்கம் முதலியவற்றை வித்துவான்கள் வாசிக்க, அந்நாதத்தைச் சுரஞ்சுரமாகவும் சொற்சொல்லாகவும் பதிந்து மென்பொருளாக்கி வைத்துள்ளனர். விசைப்பலகையின் கட்டையொன்றை அழுத்த, அந்நாதம் எழும். இவற்றை மெய்நிகர் இசைக்கருவிகள் என்பர். இவற்றின் ஒலியளவை முறையாக அமைக்குமாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது எமது பிழையொன்றே. சில ஆண்டுகளுக்கு முன், எமக்குப் பாடஞ் சொல்லிய முதிய ஆசிரியர் ஒருவர் பாடிய பாடலை வீட்டிற் பதிவுசெய்தோம். வாத்தியப் பகுதிகளை முன்னரே அமைத்து, ஒவ்வொன்றையும் உச்ச எல்லையின் அருகே ஒலிக்க விட்டிருந்தோம். அவ்விரைச்சலின் நடுவே குரல் கேளாமையால் ஒலிவாங்கியின் அளவை மேன்மேலும் உயர்த்தினோம். அவர் மேற்சுரத்தைத் தொட்ட இடமெல்லாம் பதிவு கரகரத்துச் சிதைந்தது. மறுமுறை பாட அழைக்குமுன் அவர் காலமானார். வாத்தியங்களை இன்றுங்கூடத் தாழ்த்தலாம். அக்குரலை முன்னிருந்தவாறு மீட்க வழியில்லை.

கணினியில் ஒலியளவு டெசிபெல் என்னும் அலகாற் காட்டப்படும். இங்கே 0 என்பது அமைதியைக் குறியாது. பதியத்தக்க உச்ச எல்லையைக் குறிக்கும். ஏனைய அளவுகள் அதற்குக் கீழ்ப்பட்டவை. எல்லைக்கு 6 டெசிபெல் கீழே அலையின் வீச்சு ஏறக்குறையப் பாதியாகும். 20 டெசிபெல் கீழே பத்திலொன்றாகும். பதியப்படும் ஒலி எல்லையை மீறின், அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகும். இதற்கஞ்சி எல்லைக்கு வெகு அருகே நிற்கவேண்டிய தேவையும் இல்லை. 24 பிட் பதிவு கொள்கையளவில் ஏறத்தாழ 144 டெசிபெல் வீச்சினை உடையது. ஆதலின் குரலின் உச்சம் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே நிற்பினும் நட்டமொன்றுமில்லை.

இனி, வாத்தியங்கள் ஒன்றுசேரும்போது நிகழ்வதை நோக்குவோம். ஒன்றோடொன்று தொடர்பற்ற, சம அளவுள்ள இரண்டு ஒலிகள் கூடினால் மொத்த அளவு சுமார் 3 டெசிபெல் உயரும். நான்கு கூடினால் 6. பத்துக் கூடினால் 10. மெய்நிகர் கருவிகள் பல, தனித்துக் கேட்போரை ஈர்க்குமாறு மிக்க ஒலியுடனேயே வருகின்றன. அவற்றை அவ்வாறே அடுக்கினால் மொத்தம் எல்லையைக் கடத்தல் இயல்பே. எனவே, தொடக்கத்திலேயே ஒவ்வொரு கருவியின் உச்சத்தையும் எல்லைக்கு 12 முதல் 18 டெசிபெல் வரை கீழே இறக்கி வைத்தல் நன்று.

மாணாக்கர் பலர் மயங்கும் இடம் பிறிதொன்றுளது. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த மிடி என்னும் இசைக்குறிப்பு முறையில், கட்டையை அழுத்தும் வேகம் 1 முதல் 127 வரையான எண்ணாற் குறிக்கப்படும். இது வெலோசிட்டி எனப்படும். இவ்வெண் குறையின் ஒலி தாழ்வதோடு, பல கருவிகளில் நாதத்தின் தன்மையும் மாறும். மென்மையாக வாசித்த வேறொரு பதிவையே மென்பொருள் எடுத்தொலிக்கும். ஒலியளவுக் கட்டுப்பாடோ தன்மையை மாற்றாது; அளவை மட்டுமே மாற்றும். வன்மையாக அடித்த மிருதங்கம் பாட்டை அமுக்கினால் ஒலியளவைக் குறைக்க. அடியே மென்மையாதல் வேண்டுமாயின் வெலோசிட்டியைக் குறைக்க. இரண்டையுங் குழப்புதல் தகாது.

அளவுகாட்டியை மட்டும் நம்புதலும் பிழையே. மிருதங்கத்தின் அடி கணப்பொழுதில் உச்சத்தைத் தொட்டு அடங்கும். தம்பூரா இடையறாது ஒலிக்கும். இரண்டின் உச்சமும் ஒரே கோட்டில் நின்றால், தம்பூராவே செவியை நிறைத்துக் குரலை மூழ்கடிக்கும். மேலும், தாழ்ந்த ஒலியிற் கேட்கும்போது நம் செவி மந்தர ஒலிகளைக் குறைவாகவே உணரும். இதனை பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். மிக மெதுவாகக் கேட்டுக்கொண்டு தொப்பியின் ஒலியை உயர்த்துவோர், பின்னர் உரக்கக் கேட்கும்போது அது மிகுந்திருக்கக் காண்பர். ஆதலின் அளவான ஒரே நிலையிற் கேட்டே அமைத்தல் வேண்டும்.

செய்முறை வருமாறு: எல்லா வாத்தியங்களையும் நிறுத்திக் குரலை மட்டும் தெளிவாக அமைக்க. பின்னர்த் தம்பூராவைச் சிறிது சிறிதாக உயர்த்தி, நீக்கினால் மட்டுமே அதன் இன்மை தெரியும் அளவில் நிறுத்துக. அதன்பின் மிருதங்கம், இறுதியில் வயலின். ஏதேனும் கேளாவிடின் அதனை உயர்த்துமுன், அதனை மறைப்பது எதுவெனக் கண்டு தாழ்த்துக.

இக்கொண்டாட்ட வேளையிற் பழைய மாணவர் பலர் தத்தம் ஊர்ப் பெரியோரின் குரலையும் பாட்டையும் பதிந்துவைக்க விழைவர். அவர்கட்கு யாம் கூறுவது ஒன்றே: மெய்நிகர் வாத்தியம் நூறுமுறை வாசிக்கச் சொன்னாலும் சலியாது, நாளையும் காத்திருக்கும். மனிதக் குரல் அவ்வாறன்று. முதலிற் குரலுக்கு இடம்விடுக. வாத்தியங்கள் தமக்குரிய இடத்தைப் பின்னர்ப் பெறும்.