சொட்டுநீர்க் குழாயில் சூட்டுக் கணக்கு

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே விவசாயம் செய்கிறேன். வெயிலில் கிடக்கும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாயில், வடிகட்டி விடும் ஜீவாமிர்தமும் சூடேறும். ரொம்ப ஏறினால் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. எவ்வளவு ஏறுது?

டி.எஸ்.18பி20 சென்சார் 0.0625 டிகிரி வரை பிரித்துக் காட்டும்; ஆனால் அரை டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால் இரண்டு சென்சாரையும் முதலில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் போடுங்க. இரண்டாவது 0.3 கூடுதலாகக் காட்டினால், வங்கிக் கணக்கு மாதிரி அதுதான் ஆரம்ப இருப்பு.

பிறகு முதலாவதைக் குழாயின் தொடக்கத்திலும் இரண்டாவதைக் கடைசியிலும் ஒட்டிக் கட்டி, வெயில் படாமல் சாக்கு சுற்றுங்க. வித்தியாசம் 0.8 என்றால், 0.3 கழித்து உண்மையான ஏற்றம் 0.5. இடம் மாற்றிக் கட்டினால் 0.2 வரணும், வந்தால் கணக்கு சரி.

காலை, மதியம், மாலை அளந்து, சூடு குறைந்த வேளையில் ஜீவாமிர்தம் விடுங்க.