பொறுக்கத்தக்க குறையும் பொறுக்கலாகாக் குறையும்

புதுமனை புகுவோருள் சிலர் எக்குறை கண்டாலும் "போகட்டும்" என்று வாளாவிருப்பர். வேறு சிலர் சிறு கீறலுக்கும் கொத்தனாரோடு பூசலிடுவர். இவ்விரண்டும் ஆராயாமையின் விளைவே.

நாம் ஆலையில் உழைத்த காலத்தில், துணியில் ஓரிழை பிசகினால் அதனை இரண்டாந்தரமென்று ஒதுக்குவர். இயந்திரத்தின் தண்டில் வெடிப்புக் கண்டாலோ அக்கணமே ஓட்டத்தை நிறுத்துவர். முன்னது அழகுக்குக் குறை. பின்னது உயிருக்குக் கேடு. வீட்டிற்கும் இதுவே அளவுகோல்.

டில்லி லோதி ரோட்டில் தலைமையகம் கொண்டது என்.பி.சி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனம். அது குருகிராமத்தில் எழுப்பிய 'கிரீன் வியூ' அடுக்குமாடிக் குடியிருப்பு, புதிதாயிருந்தும் பழுதுற்றது. டில்லி ஐ.ஐ.டி. வல்லுநர் ஆராய்ந்து, அது வசிக்கத் தகாதது என்றனர். 2022ஆம் ஆண்டில் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அரசு முத்திரை சுவரைத் தாங்காது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே வண்ணம் மாறுபடுதல், தரைக்கல் சற்றே பிசகுதல் ஆகியவற்றைப் பொறுக்கலாம். தூணிலும் உத்தரத்திலும் வெடிப்பு, கம்பி துருவேறிக் காரை பெயர்தல், கூரை ஒழுகுதல், மின்கசிவு ஆகியவற்றைப் பொறுத்தலாகாது. ஐயமுண்டாயின் பொறியாளரைக் காட்டித் தெளிக.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்காற்றுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நமக்குத் துணையாகும். வீடு ஒப்படைத்த நாள்முதல் 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டினால், கட்டியவர் 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே திருத்தித் தரவேண்டும். எனவே குறையை நாளிட்டு எழுத்தில் தருக, படியொன்று வைத்துக்கொள்க.

நம் தலைமேல் விழுவதை நாம் பொறுக்கலாம். குழந்தைகள் உறங்கும் கூரையின் வெடிப்பைப் பொறுப்பது பொறுமையன்று, மடிமையே.