கப்பலில் ஓட்டை போடலாமா? தண்ணீரும் நம் மஹல்லாவும்

அல்ஹம்துலில்லாஹ். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.



நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகச் சொன்னார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. மக்கள் சீட்டுக் குலுக்கி, சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம்பெற்றார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி வரவேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு தரவேண்டும், நம் பங்கில் ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள். மற்றவர்கள் தடுக்காமல் விட்டால் அனைவரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பார்கள்.

கவனியுங்கள்! அவர்கள் தீய எண்ணத்தோடு துளை போட நினைக்கவில்லை. தங்கள் இடம், தங்கள் தேவை என்றுதான் நினைத்தார்கள். "என் வீட்டு போர், என் மோட்டார், கரண்ட் பில் நான் கட்டுகிறேன்" என்று நாமும் அப்படித்தான் பேசுகிறோம். நிலத்தடி நீருக்கு வீட்டுக்கு வீடு சுவர் கிடையாது.

நம் ஆறு சொல்லும் பாடம்

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, திருக்கோவிலூருக்கு வந்து, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. கோடையில் மணலாகக் கிடக்கும் இதே ஆறு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது எப்படி வந்தது என்று நாம் அறிவோம். சாத்தனூரில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. மழையை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் வாய்க்காலை அடைக்கும் பிளாஸ்டிக் வானத்தில் இருந்து விழுவதில்லை. நம் கையில் இருந்துதான் போகிறது. நாம் போடும் குப்பை கடலூர்க்காரரின் வாசலில் ஒதுங்கினால், கப்பலில் துளை போட்டது யார்?

உளூவில் தொடங்குவோம்

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில் உளூ செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). மத்ஹபுகளின் அளவில் சிறு வேறுபாடு உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள்தான். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஜும்ஆவுக்கு வரும் 300 பேர் தலைக்கு 5 லிட்டர் கூடுதலாக விட்டால், ஒரே வேளையில் 1,500 லிட்டர் வீண். வணக்கத்துக்கான தண்ணீரிலும் இஸ்ராஃப் இஸ்ராஃப்தான். தண்ணீர் இல்லாதபோது தயம்மும் அல்லாஹ் தந்த சலுகை. நம் வீண்விரயத்தால் நம் பேரப்பிள்ளைகளை அந்தச் சலுகைக்குத் தள்ளுவது நியாயமா?

பக்கத்தில் ஒரு முன்மாதிரி

"இதையெல்லாம் அரசாங்கம் செய்யட்டும்" என்கிறோம். நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையிலும் வேலூரிலும் ஓடும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலிக்குப் போன கிராமத்துப் பெண்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். ஓடைகளில் கற்களை அடுக்கி மழைநீரின் வேகத்தைக் குறைத்தார்கள். உறை கிணறு போன்ற குழிகள் இறக்கி அந்த நீரை நிலத்துக்குள் அனுப்பினார்கள். கூலி அரசுத் திட்டத்தில் வந்தது. தோள் கொடுத்தது ஊர். ஐந்து வேளை ஒரே ஸஃப்பில் நிற்கும் நமக்கு அந்த ஒற்றுமை முடியாதா?

நாம் செய்ய வேண்டியவை

1. உளூவின்போது குழாயைப் பாதி அளவே திறப்போம். தலைக்கு மஸ்ஹு செய்யும்போது மூடிவிடுவோம். சொட்டும் குழாயைப் பார்த்தவர் உடனே முதவல்லியிடம் சொல்லட்டும்.

2. உளூ செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போக வேண்டாம். அதைக் கொண்டு மீண்டும் உளூ செய்ய முடியாது. ஆனால் அது நஜீஸ் அல்ல. மரம் செடிகளுக்குத் தாராளமாக விடலாம். அந்த மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்கு ஸதகாவின் நன்மை உண்டு என்பது நபிமொழி.

3. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. குழி தோண்டினோம், தூர் எடுத்தோமா? ஐப்பசி மழைக்கு முன் பள்ளிவாசலிலும் வீட்டிலும் சுத்தம் செய்வோம். இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் போதும்.

4. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வலீமாவில் வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கட்டும். நோன்புக் கஞ்சி வாங்க நம் பெரியவர்கள் தூக்குச்சட்டியோடுதான் வந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் சூடான கஞ்சி வேண்டாம்.

சகோதரர்களே! ஒருவர் மட்டும் குழாயை மூடினால் மிச்சமாவது சில லிட்டர். ஒரு மஹல்லாவே மூடினால் அது ஒரு கிணறு. துளை போடும் கையைக் கோபப்படாமல், அன்போடு பிடிப்போம். முதலில் நம் கையைப் பிடிப்போம்.

யா அல்லாஹ்! பயன் தரும் மழையை எங்களுக்குத் தருவாயாக. வெள்ளத்தின் தீங்கிலிருந்தும் வறட்சியின் தீங்கிலிருந்தும் இவ்வூர் மக்கள் அனைவரையும் காப்பாயாக. உன் அமானிதத்தைப் பேணுவோராக எங்களை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.