ஸ்பானிய வினாச்சொற்களும் நம் தமிழும்

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது கல்லூரியில் ஸ்பானிய மொழி பயிலும் மாணவி ஒருத்தி விடுமுறையில் பாடக்குறிப்புகளோடு என்னைப் பார்க்க வருவாள். நான் ஆங்கில ஆசிரியர். ஸ்பானியத்தில் அவளுடைய வகுப்புத் தோழன்தான். வினாச்சொற்களில் அவள் தடுமாறிய இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே சுற்றிச் சென்றதால் வந்தவை.

'கே', 'குவால்' இரண்டுக்கும் அவள் குறிப்பில் 'வாட்' என்றே பொருள் இருந்தது. தமிழில் வைத்துப் பார்த்தோம். 'கே எஸ் உனா கபித்தால்?' என்றால் 'தலைநகர் என்றால் என்ன?'. 'குவால் எஸ் லா கபித்தால் தே பெரூ?' என்றால் 'பெருவின் தலைநகர் எது?'. முன்னதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். பின்னதற்கு 'லிமா' என்றால் போதும். ஆனால் இந்த ஒப்பீடு முழுதும் பொருந்தாது. 'உன் பெயர் என்ன?' என்று நாம் கேட்பதை அங்கே 'குவால்' கொண்டே கேட்பார்கள். 'எந்தப் புத்தகம்?' என்பதோ 'கே லிப்ரோ?'. இவற்றைத் தனியே சொல்லிவிட வேண்டும்.

'யாருடன்' என்பதை நாம் பிரிப்பதில்லை. ஸ்பானியத்திலும் 'கோன் கியேன்' சேர்ந்தே முன்னால் நிற்கும். ஆங்கிலம்போல் 'வித்' கடைசிக்குப் போகாது. 'மரியா எங்கே வசிக்கிறாள்?' என்பது 'தோந்தே விவே மரியா?'. 'டஸ்' போன்ற துணைவினை தேவையில்லை. 'வேர் ஷீ லிவ்ஸ்?' என்று எழுதி மதிப்பெண் இழக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு ஆறுதல்! 'ஏன்', 'ஏனென்றால்' என்ற நம் இணையைப் போலவே அங்கும் 'போர் கே', 'போர்கே' உண்டு. முன்னது இரு சொல், அழுத்தக்குறியோடு. பின்னது ஒரே சொல், குறியின்றி.

உண்மையான இடர் செவியில்தான். 'குவாந்தோ' என்றால் எப்போது; 'குவான்த்தோ' என்றால் எவ்வளவு. 'பந்து', 'வந்து' என்று மெல்லினத்தை அடுத்த தகரத்தை மென்மையாகவே ஒலித்துப் பழகிய நமக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். கடைக்காரரிடம் விலை கேட்கப்போய் நேரம் கேட்டதாகிவிடும். எழுத வைப்பதால் இது சரியாகாது. மேசையில் ஒரு கடிகாரத்தையும் ஒரு நாணயத்தையும் வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் உரியதைத் தொட வேண்டும். பிறகு அவள் சொல்ல, நான் தொட வேண்டும். நான்காம் நாள் அவள் தவறாமல் தொட்டாள். எனக்கு இன்னும் சில நாள்கள் ஆயின.